நாக்கு நுனி நெய்

எனக்குச் சின்ன வயசுலிருந்தே வாய் நீளமுங்க. "உனக்கு நாக்குல சனி குடியிருக்குதுடா"ன்னு எங்கம்மா திட்டும். அப்பெல்லாம் சிரிச்சுக்குவேன். அது நெசந்தான்னு இப்பத் தெரியுது. நெய் உருக்கற வாசம் மத்தவங்களுக்குக் கல்யாண ஊட்டு வாசம். எனக்கு அது ஒரு நல்ல மனுசன் பொழப்புல நான் மண்ணள்ளிப் போட்ட வாசம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகள்ல நடந்த கதை இது. தொண்டாமுத்தூர்ல எங்க பூமிய அண்ணனுங்க பாத்துக்கிட்டாங்க. நான் கோயமுத்தூர் டவுனுக்கு வந்து ஒரு நெய் மண்டியில வேலைக்குச் சேந்தேன். சுத்துப்பட்டு ஊருகள்லிருந்து யாவாரிங்க வண்டியில கொடங்கொடமா நெய் கொண்டாருவாங்க. தரம் பாத்து வாங்கி, டின்னுல அடைச்சு, கல்யாண ஊடுகளுக்கும் கடைகளுக்கும் அனுப்பறதுதான் மண்டி வேலை. கொடத்தை எறக்கறது, டின்னுல அடைக்கறது இதையெல்லாம் மேய்க்கறவன் நான். தரம் பாக்கறவர் பாய்.

பாயிக்கு என்னைவிடப் பத்து வயசு கூட இருக்கும். கோட்டைமேட்டுல ஊடு. கொடத்தோட அடி வரைக்கும் ஒரு மூங்கில் குச்சிய உட்டு எடுப்பார். புறங்கையில தேச்சு மோந்து பாப்பார். அதுக்கப்பறம் நாக்கு நுனியில ஒரு பொட்டு வெப்பார். வெளிய போய்த் துப்பிப்போட்டு, வாயக் கொப்புளிச்சுட்டு வந்து, "ஆகுமுங்க" இல்லீனா "ஆகாதுங்க". அவ்வளவுதான் பேச்சு. மொதலாளி மறுவார்த்த பேச மாட்டார். பன்னெண்டு வருசமா அவர் நாக்குத்தான் அந்த மண்டிக்கே நடு நாயகம். என்கிட்ட அவருக்கு ரொம்பப் பிரியம். மதியம் சோத்துப் போசியத் தொறந்தா அவரூட்டுக் கொழம்பு எனக்கு, எங்கூட்டு மோரு அவருக்கு.

நான் சேந்தது சித்திரையில. அந்த வருசம் தீபாவளி போன ரண்டு மூணு நாளுல பிறை தெரிஞ்சு அவருக்கு நோன்பு மாசம் பொறந்துது. நோன்புன்னா எனக்குத் தெரிஞ்சது எங்கூட்டு விரதந்தான். புரட்டாசிச் சனிக்கெழமைன்னா எங்கய்யன் சோறு தொட மாட்டார். ஆனா பாலு உண்டு, பழம் உண்டு, பசிச்சா நாலு இட்லியும் உண்டு. எங்கூட்டுல அடுப்பு அணையாத நாளே அவர் விரத நாளுதான்.

"ஏனுங் பாய், தண்ணியாச்சுங் குடிக்கலாமல்லங்க? தண்ணி என்ன சோறுங்களா?"ன்னு கேட்டேன்.

"அதுவும் ஆகாதுங்க தம்பி. வெடியறதுக்கு முன்னால உண்டது, இனிப் பொழுது உளுந்தாத்தான்."

"அடக் கடவுளே! என்னாலெல்லாம் ஆகாதுங்க சாமி!"

அவர் சிரிச்சார். "நீங்க தின்னுங்க தம்பி, எனக்கொண்ணுமில்ல"ன்னார். நானும் கொஞ்சங்கூட வெக்கமில்லாம, தீபாவளி முறுக்க அவர் முன்னாலயே கடக்கு மொடக்குன்னு கடிச்சுக்கிட்டிருந்தேன். தள்ளி உக்காந்து திங்கலாம்னு புத்தியில படவே இல்ல.

நாலாம் நோன்போ அஞ்சாம் நோன்போ இருக்கும். கார்த்திகக் குளுருல நெய்யெல்லாம் ஒறஞ்சு கல்லாட்டம் கெடந்துது. கருமத்தம்பட்டிப் பக்கத்து யாவாரி ஒருத்தன் பத்துக் கொடம் எறக்கியிருந்தான். ஆள் கொஞ்சம் தில்லாலங்கடி, பாய்கிட்ட அடிக்கடி "ஆகாதுங்க" வாங்கறவன். ஒறஞ்ச நெய்யில கையுக்கும் மூக்குக்கும் ஒண்ணும் புடிபடாது. பாய் குச்சிய உட்டு எடுத்து, கொஞ்சம் யோசிச்சுப்போட்டு, நாக்கு நுனியில வெச்சார். நான் பாத்துப்போட்டேன்.

தண்ணி ஆகாதுன்ன மனுசன் நெய்ய நக்கறாரு! திருடனக் கையும் களவுமாப் புடிச்ச மாதிரி எனக்கு ஒரே குசி. அவர் எப்பவும் போலத் துப்பப் போனதக்கூட நான் கண்டுக்கல. "என்னங் பாய்! தண்ணிக்குத்தான் நோன்புங்களா? நெய்யின்னா நாக்கு தானா நீளுமுங்களா?"ன்னு மண்டியே கேக்கறாப்புல கத்தினேன்.

வண்டிக்காரங்க சிரிச்சாங்க. மூட்ட தூக்கறவங்க சிரிச்சாங்க. அந்த யாவாரி தொடயத் தட்டித் தட்டிச் சிரிச்சு, "நோன்பு போச்சே பாய்!"ன்னு ஒத்து ஊதினான். பாய் வெளிய போனார். ரொம்ப நேரம் வாய் கொப்புளிச்சார். திரும்பி வந்தப்ப முகம் சுண்டிப்போயிருந்துது. "ஆகாதுங்க"ன்னு மட்டும் சொல்லிப்போட்டு உக்காந்துக்கிட்டார். அன்னைக்கி என் சமத்த நானே மெச்சிக்கிட்டேன். தூ!

மறுநாளிலிருந்து அவர் நெய்ய நாக்குல வெக்கறதில்ல. மோந்து பாப்பார், கையில தேப்பார், சந்தேகமிருந்தா அந்தக் கொடத்தத் தனியா வெச்சுப்போட்டுப் பொழுது உளுந்தப்பறம் ருசி பாப்பார். நோன்பு தொறந்த கையோட திரும்பி மண்டிக்கு வருவார் பாவம்.

இதை அந்த யாவாரி கவனிச்சுக்கிட்டேயிருந்தான். பதினஞ்சு நாள் கழிச்சு, உச்சி நேரமாப் பாத்து இருவது கொடத்தோட வந்தான். அன்னைக்கே ஒரு பெரிய கல்யாண ஊட்டுக்கு நெய் போயாகோணும். மொதலாளி நின்ன எடத்துல நிக்காமப் பறந்துக்கிட்டிருந்தார்.

பாய் மோந்து பாத்தார். "சந்தேகமா இருக்குதுங்க. சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கங்க, ருசி பாத்துச் சொல்றேன்."

"சாயங்காலமா! வெளையாடறீங்களா பாய்? பன்னெண்டு வருசமா இந்த மாசத்துல எப்படிப் பாத்தீங்க? இந்த வருசம் என்ன புதுசா?"ன்னார் மொதலாளி.

பாய் மொதலாளியப் பாக்கல. என்னைப் பாத்தார். "நாந்தானுங்க கேலி பண்ணிப்போட்டேன்"னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். வாய் நீளமான நான், அன்னைக்குப் பாத்து டின்னுகள எண்ணற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். மொதலாளி கொடத்த எறக்கச் சொல்லிப்போட்டார்.

கல்யாண ஊட்டுலிருந்து நெய் திரும்பி வந்துது. பாதிக்குப் பாதி கடலெண்ண. பந்தியில ஆளுக்காளு மூஞ்சியச் சுளிச்சாங்களாம். மொதலாளிக்கு வந்த கோவத்துக்கு ஆள் வேணுமே. "சமயத்துக்கு ஒதவாத நாக்கு எனக்கு எதுக்குங்க?"ன்னு பாய அன்னைக்கே போகச் சொல்லிப்போட்டார். பாய் சோத்துப் போசிய எடுத்துக்கிட்டு, எல்லாருக்கும் "வாரேனுங்க"ன்னு சொல்லிட்டுப் போனார். எனக்குஞ் சொன்னார். மறுநாளிலிருந்து அவரெடத்துல என்னை உக்கார வெச்சாங்க.

பெருநாளுக்கு நாலு நாள் இருக்கறப்ப, பள்ளிவாசல்ல கஞ்சி காச்சற ஒருத்தர் நெய் வாங்க வந்தார். "ஏனுங்க, நோன்போட அத்தன பேருக்குக் கஞ்சி காச்சறீங்களே, உப்பு ஒறப்பு எப்படிங்க பாப்பீங்க?"ன்னு பேச்சுவாக்குல கேட்டேன்.

"நாக்கு நுனியில வெச்சுத் துப்பிப்போடுவனுங்க. முழுங்காம இருந்தாச் சரி. அவசியத்துக்கு ஆகுமுங்க"ன்னார்.

பாயும் அதேதானே செஞ்சார்! அன்னைக்குப் பொழுது எறங்கறப்ப கோட்டைமேட்டுக்குப் போனேன். பாய் ஊட்டு வாசல்லயே உக்காந்திருந்தார், பாங்கு சத்தத்துக்குக் காத்துக்கிட்டு. "வாங்க தம்பி"ன்னு எடம் உட்டார். வேலை எதுவும் இன்னும் அமையலைன்னார். மொகத்துல கோவமே இல்ல. கோவமிருந்திருந்தாத் தேவலாம்.

"அது ஆகுமுன்னு அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே பாய்"னேன். அப்பவும் பாருங்க, குத்தத்த அவர் தலையிலயே வெக்கறேன்.

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனுங்க. நீங்க கேக்கலீங்களே தம்பி, சிரிச்சீங்க."

பாங்கு கேட்டுது. அவர் தண்ணி குடிச்சார். எனக்கு முன்னாலயும் ஒரு கிண்ணம் கஞ்சி வந்துது. "காலைல மொதலாளிகிட்டச் சொல்லி உங்கள மறுபடியுங் கூட்டியாரேனுங்க, இது சத்தியம்"னு சொல்லிப்போட்டுத்தான் கிண்ணத்த எடுத்தேன். பாய் கிண்ணம் காலியானதப் பாத்து இன்னொரு கரண்டி ஊத்தினார்.

காலைல அந்த நெனப்போடதான் மண்டிக்குள்ள நொழஞ்சேன். வண்டி வந்து நின்னிருந்துது. "வாப்பா, சீக்கிரம் பாத்துச் சொல்லு. இனி இந்த மண்டிக்கு உன் நாக்குத்தான்"னார் மொதலாளி. குச்சிய உட்டு எடுத்தேன். புறங்கையில தேச்சேன். நாக்கு நுனியில வெச்சேன். வெளிய போய்த் துப்பி, பாய் மாதிரியே வாய் கொப்புளிச்சுட்டு வந்தேன். அதே வண்டிக்காரங்க, அதே மூட்ட தூக்கறவங்க. ஒருத்தனுஞ் சிரிக்கல.

"ஆகுமுங்க"ன்னேன். நெய்யத் துப்பிப்போட்டேன். சொல்ல வந்ததத்தான் முழுங்கிப்போட்டேன்.