கொலைகாரனை மாற்றித் தைத்தவள்

கடைவீதியில் செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஓர் இடுக்கு. அதில்தான் அவளுடைய தையல் மெஷின். புதுத்துணி அவள் தைப்பதில்லை. இளைத்தவர்களின் சட்டையைப் பிடித்துக் கொடுப்பாள், பருத்தவர்களின் பேண்ட்டைப் பிரித்து விடுவாள். ஆல்டரேஷன்காரி என்றால் அங்கே எல்லாருக்கும் தெரியும். பழைய தையலின் தடம்கூடத் தெரியாதபடி ஈரத்துணி போட்டுத் தேய்த்துவிடுவாள். பிரித்த இடம் எது, தைத்த இடம் எது என்று துணிக்குச் சொந்தக்காரனாலேயே சொல்ல முடியாது.

அவளுக்கு இருந்த ஒரே சபலம் துப்பறியும் நாவல். சினிமா வேண்டாம், நகை வேண்டாம். பூட்டிய அறைக்குள் ஒரு பிணம் கிடக்க வேண்டும், வீட்டில் ஏழெட்டுப் பேர் திருதிருவென்று விழிக்க வேண்டும், கடைசியில் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்துத் துப்பறிபவர் முடிச்சு முடிச்சாக அவிழ்க்க வேண்டும். ‘அட, இவனா!’ என்று வாயைப் பிளக்கிறோமே, அந்த ஒரு நொடிக்காகத்தான் மொத்தப் புத்தகத்தையும் படிப்பது என்பாள். வாடகை நூலகத்திலிருந்து வாராவாரம் ஒன்று எடுத்து வருவாள்.

அந்த நொடி அவளுக்குக் கிடைத்ததே இல்லை. புருஷன் கிடைக்க விட்டால்தானே.

அவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர். திருட்டு இணைப்பை வாசலில் நின்றே மோப்பம் பிடித்துவிடுவார் என்பதால் தெருவில் அவருக்கு மூளைக்காரர் என்று பேர். அந்தப் பேரால் தலைகால் புரியாமல் போயிற்று. அவள் கொண்டுவரும் புத்தகத்தை முதலில் அவர்தான் படிக்க வேண்டும். பாதியிலேயே கொலைகாரன் இன்னார் என்று சொல்லிவிடுவார். கடைசி அத்தியாயம் அதற்கு ஆமாம் போடும். சும்மா சொல்லக் கூடாது, ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அதோடு விட்டாரா, பாவி மனுஷன்? முதல் அத்தியாயத்தில் அந்த ஆளின் பெயர் வரும் இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு அவளிடம் நீட்டுவார். அவள் முகம் செத்துப்போவதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பார். கெஞ்சிப் பார்த்தாள், ஒளித்துவைத்துப் பார்த்தாள். பட்டன் தைக்கிற மூளைக்கு இதெல்லாம் எதற்கு என்பார்.

இரண்டாவது பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோனபோது அவளை ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். வார்டு நர்ஸ் இரக்கப்பட்டு ஒரு நாவல் கொடுத்தாள். அவர் கண்ணில் படாத புத்தகம். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்தக் கட்டிலில் கிடந்தாள். கடைசி அத்தியாயம் பாக்கி இருக்கும்போது, அதுவரை எட்டிப் பார்க்காத மனுஷன் வந்து நின்றார். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தலையணையோரம் கிடந்த புத்தகத்தை எடுத்து, நின்றபடியே கடைசியைப் படித்தார். “தோட்டக்காரன்” என்றார். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டார். பிள்ளை போனதற்கு வராத அழுகை அவளுக்கு அப்போது வந்தது.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு சர்க்கரை வியாதி கண்ணைத் தின்றுவிட்டது. வெளிச்சம் தெரியும், எழுத்து தெரியாது. சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்து படித்துக் காட்டச் சொன்னார். படித்தாள். பாதியில் நிறுத்தச் சொல்லி, மானேஜர்தான் கொலைகாரன் என்றார். மானேஜரேதான். ஆனால் கடைசி அத்தியாயத்தில் அந்த இடம் வந்தபோது அவள் வாயிலிருந்து “டிரைவர்” என்று விழுந்தது. அவள் திட்டம் போட்டுச் செய்யவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷம் அவள் முகத்தில் இருந்தது இப்போது அவர் முகத்தில் இருந்தது. அன்றைக்கு அவள் இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டாள்.

அதற்கப்புறம் அதையே தொழிலாகச் செய்தாள். பெயரை மட்டும் மாற்றினால் கிழவர் ஓட்டையைப் பிடித்துவிடுவார். ஆகவே புத்தகத்தைக் கடையிலேயே முழுக்கப் படித்துவிட்டு வருவாள். உண்மையான கொலைகாரன் மேல் விழும் தடயங்களை அப்படியே விட்டுவிடுவாள், அவர் அதைப் பிடித்துக்கொண்டு வரட்டும் என்று. படிக்கும்போதே அப்பாவி ஒருவன் மேல் இரண்டு தையல் போட்டுவைப்பாள்: ஒரு கைக்குட்டை, ஒரு தாமதமான பதில். முடிவில் அது கனகச்சிதமாகப் பொருந்தும். இதனால் முடிவு அவளுக்கு எப்போதும் முன்கூட்டியே தெரிந்துபோயிற்று. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. அவர் முகத்தைப் பார்க்கிற ருசி அதைவிடப் பெரிதாக இருந்தது.

டாக்டர் என்பார், அண்ணி என்று வரும். அண்ணி என்பார், வக்கீல் என்று வரும். முதலில் எழுத்தாளனைத் திட்டினார். பிறகு தன்னைத் திட்டிக்கொண்டார். டீக்கடையில் விடுகதை போட்டு வம்பிழுப்பதை விட்டார், அப்புறம் டீக்கடைக்கே போவதை விட்டார். மாத்திரை போட்டேனா, தாழ்ப்பாள் போட்டேனா என்று கேட்டுக் கேட்டு அவள் உயிரை வாங்கினார். டாக்டர் சோதித்துவிட்டு மூளையில் கோளாறு ஒன்றுமில்லை என்றார். அதை அவர் நம்பவில்லை.

ஒருநாள் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். “கண்ணு போனாப் போகட்டும், இந்த மூளை இருக்குன்னு நெனச்சேன். இதுவும் போயிட்டா நான் யாருடி?”

“வயசானா அப்படித்தாங்க” என்று அவள் கையை உருவிக்கொண்டு ஊசியில் நூல் கோத்தாள்.

அடுத்த ஊரில் வாழ்க்கைப்பட்ட மகள் ஒரு மத்தியானம் வந்தாள். அம்மா கடையில் இருந்தாள். சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது மகள் பஸ் ஏறிப் போயிருந்தாள். கிழவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் அந்தப் பழைய களை. மேசைமேல் கிடந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு, தானும் இதைப் படித்திருப்பதாக மகள் சொன்னாளாம். கொலை செய்தது சமையல்காரி என்றாளாம். போன வாரம் அவர் சொன்னதும் சமையல்காரிதான். மனைவி படித்ததோ மருமகன்.

“மாத்திப் படிச்சியா?” என்றார். குரலில் கோபமே இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. “திட்ட மாட்டேன். ஆமான்னு மட்டும் சொல்லு.”

அவளுக்கு மனம் ஆடிப்போயிற்று. ஆமாம் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதற்கு முன் ஒன்றே ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

“நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ ஒரு புத்தகம் வச்சிருந்தேனே, ஞாபகம் இருக்கா?”

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

“எந்த ஆஸ்பத்திரி? நீ எப்போ ஆஸ்பத்திரியில கிடந்த? அதை விடு, கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே ஏதோ அடங்கிவிட்டது.

“நான்தாங்க அவகிட்ட அப்படிச் சொல்லச் சொன்னேன்” என்றாள், மெதுவாக, பிரியமாக. “நீங்க ரொம்ப ஒடஞ்சு போயிட்டீங்க. உங்க மனசு ஆறட்டுமேன்னு. சந்தேகமா இருந்தா நீங்களே கேளுங்க.”

போனை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதைத் தடவிக்கொண்டே வெகுநேரம் இருந்தார். மகளும் தன்மேல் பரிதாபப்பட்டுப் பொய் சொல்கிறாள் என்பதை அவள் வாயாலேயே கேட்க எந்த அப்பனுக்குத் துணிச்சல் வரும்? போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். முகத்திலிருந்த களை போய்விட்டது.

அவள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். எதிரே உட்கார்ந்து, பையிலிருந்து புதுப் புத்தகத்தை எடுத்தாள்.

“ஆரம்பிக்கட்டுமா?”

“இரு” என்றார். “என்னால இனிமே யோசிக்க முடியாது. யாருன்னு முதல்லயே சொல்லிடு. அப்புறம் படி.”

அவள் முதல் பக்கத்தைத் திருப்பினாள்.

“தோட்டக்காரன்” என்றாள்.

சரி என்று தலையாட்டிவிட்டு அவர் சாய்ந்துகொண்டார். அவள் படிக்க ஆரம்பித்தாள்.