டிராக்டர் தொழிற்சாலை எங்கே?

அடி அண்ணாமலையில் டீ குடிக்க நிற்கிறேன். கடை நடத்தும் வள்ளியம்மா, அட்டை கிழிந்த சோவியத் காலத்து ரஷ்ய மொழிப் பாடநூலை வைத்துக்கொண்டு முணுமுணுக்கிறார்.

"ரஷ்யாக்காரங்க ஜாஸ்தி வராங்க, அதான் கத்துக்கறேன்."

அந்நேரம் பார்த்து ஒரு ரஷ்யர் கிரிவலம் வந்த களைப்பில் பெஞ்சில் உட்கார்கிறார். வள்ளியம்மா தான் மனப்பாடம் செய்த வாக்கியத்தைக் கணீரென்று சொல்கிறார். ரஷ்யர் திடுக்கிட்டு, பிறகு விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

"டிராக்டர் தொழிற்சாலை எங்கேன்னு கேக்கறாங்க," என்று என்னிடம் ஆங்கிலத்தில் விளக்குகிறார். "அப்படி ஒண்ணுலதான் வேலை பார்த்தேன். இழுத்து மூடிட்டாங்க."

நான் அதைத் தமிழில் சொன்னதும் வள்ளியம்மாவின் முகம் வாடுகிறது. பாடநூலை வேகமாகப் புரட்டுகிறார்.

"ஐயோ பாவம்னு சொல்றதுக்கு இதுல ஒண்ணுமே இல்லீங்களே!"

புத்தகத்தை மூடிவிட்டு, ரஷ்யரின் கையில் இரண்டு சூடான வடையை வைக்கிறார்.