கதவுப் பக்கம் சாய்ந்த கறிமிளகாய்ச் செடிகள்

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், நான்காம் மாடியில் அந்த வீட்டை வாடகைக்கு எடுத்தபோது ஒரேயொரு நிபந்தனைதான் இருந்தது. கடல் பக்கத்து அறை பூட்டியே இருக்க வேண்டும். வீட்டுக்காரர் கனடாவிலிருந்து போனில், "அதுக்குள்ள பழைய சாமான்கள் கிடக்கு, பிள்ளை. அதை மட்டும் விட்டுவிடுங்கோ" என்றார். கொட்டாஞ்சேனையில் ஆறு பேர் நெருக்கியடித்து இருந்த வீட்டிலிருந்து வந்தவள் நான். மற்ற இரண்டு அறைகளுமே எனக்கு அதிகம்.

மொழிபெயர்ப்பு வேலை. நாள் முழுக்க வீட்டுக்குள்தான். பச்சையாக ஏதாவது கண்ணில் படட்டும் என்று மூன்று பூச்சாடிகளில் கறிமிளகாய் நட்டு, ஹோல் ஜன்னலடியில் வைத்தேன். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து மாடியின் சுவர். வெளிச்சம் குறைவு. ஆனாலும் வளர்ந்தன.

இரண்டாம் மாதம் நுனி இலைகள் சுருளத் தொடங்கின. இலைக் காம்பு தண்டோடு சேரும் இடங்களில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளை வெள்ளையாக இருந்தது. தொட்டால் விரல் பிசுபிசுத்தது. மாவுப்பூச்சி. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். வேப்பெண்ணெயைச் சவர்க்காரத் தண்ணீரில் கலந்து அடித்தேன். இரண்டு நாள் சுத்தமாக இருக்கும். மூன்றாம் நாள் அதே மூட்டுகளில் அதே வெள்ளை. நான்காம் மாடி, வலை அடித்த ஜன்னல், கடையில் வாங்கிய புது மண். எங்கிருந்து வருகிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றியவள் அப்படியே நின்றாள்.

"இதென்னடி, மூண்டும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நிக்குது?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். செடிகள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பூட்டிய அறைப் பக்கம் சாய்ந்திருந்தன. சாடிகளைத் திருப்பி வைத்தேன். அடுத்த ஞாயிறு அக்கா வந்தபோது மறுபடியும் கதவுப் பக்கம் திரும்பியிருந்தன. அவள் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள்.

அன்று பின்னேரம் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். கதவுக்கு மேலிருந்த மங்கலான கண்ணாடி வழியாக மேற்கு வெயில் ஹோலுக்குள் விழுந்தது. செடிகள் தேடியது அதைத்தான். மனம் ஆறுதலடைந்த அதே நொடியில் எறும்புகளைக் கண்டேன். நூல் பிடித்ததுபோல ஒரு வரிசை, என் சாடிகளிலிருந்து கதவின் கீழ் இடுக்குக்குள் போய்க்கொண்டிருந்தது. குனிந்து இடுக்கில் முகத்தை வைத்தேன். உள்ளேயிருந்து ஈர மண்ணின் வாசம் வந்தது. அப்போதுதான் யாரோ தண்ணீர் ஊற்றியதுபோல.

வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தேன்.

"என்ர மனிசி கடைசியா கிடந்த அறை, பிள்ளை. ரெண்டு வருசமா ஒருத்தரும் போகேல்ல. சாவி மீற்றர் பெட்டிக்கு மேல இருக்கு. தனியாத் திறக்காதேங்கோ."

மாடிக் கட்டிடத்தின் காவலாளியைக் கூப்பிட்டேன். நடுவயதுச் சிங்களவர். கதவைத் திறந்ததும் அவர் ஓரடி பின்வாங்கினார். கட்டில், சக்கர நாற்காலி, எல்லாவற்றின் மேலும் தூசி. ஜன்னலடியில் ஒரு பெரிய சாடி. அதில் என் நெஞ்சுயரத்துக்கு ஒரு மிளகாய்ச் செடி, உயிரோடு. தண்டு முழுக்க மாவுப்பூச்சி வெள்ளையாக மூடியிருந்தது. எறும்புகள் இங்கிருந்துதான் பூச்சியை என் செடிகளுக்குச் சுமந்திருந்தன. இலைகள் மூடிய விரல்களைப்போலச் சுருண்டிருந்தன.

"கவுத மிஸ் மேகட வத்துர தாலா தியென்னே?" என்றார். யார் இதற்குத் தண்ணீர் ஊற்றியது என்று என்னையே கேட்டார்.

பதில் சொல்வதுபோல மேலேயிருந்து ஒரு சொட்டு விழுந்தது. மேல் வீட்டு ஏசிக் குழாய் உடைந்து, ஜன்னல் விளிம்பு வழியாகச் சாடிக்குள் கசிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்காரருக்கு வீடியோவில் செடியைக் காட்டினேன். பிடுங்கி எறியச் சொல்வார் என்று நினைத்தேன்.

"அவ நட்டது. படுத்தபடியே பார்த்துக்கொண்டிருப்பா," என்றார். பிறகு, "காப்பாற்றலாமோ, பிள்ளை?"

இலையெல்லாவற்றையும் கிள்ளி, தண்டை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, வேரைக் கழுவி, எறும்புக் கூடிருந்த மண்ணைப் பையில் கட்டி அகற்றி, புது மண்ணில் நட்டேன். காவலாளி சாடியைப் பிடித்துக்கொண்டார், ஆனால் செடியைத் தொடவில்லை. மேல் வீட்டுக் குழாயைத் திருத்தினார்கள். மூன்றாம் வாரம் மொட்டைத் தண்டில் சுருளாத இலைகள் வந்தன. என் செடிகளில் ஒன்று செத்தது, இரண்டு தேறின.

இப்போது அந்தச் செடிக்கு நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். போன மாதம் முதல் காய் சிவந்தது.

"சமைச்சுப் பார்த்தீங்களோ? உறைப்போ?" என்று வீட்டுக்காரர் போனில் கேட்டார்.

"ஓம், நல்ல உறைப்பு," என்றேன்.

உண்மையில் அதை வாயில் வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. குசினியில் அடுப்படித் தட்டில் கிடந்து காய்ந்துகொண்டிருக்கிறது.