லொறியின் பில்டரைக் கழுவிய சனிக்கிழமைகள்

எங்கள் லொறியின் காற்று பில்டரை ஒன்றரை வருடம் கழுவியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் வைத்திருந்த அந்த ஒரு பகலும் இரவும், கழுவிய ஒன்றரை வருடத்தை விட அதிகமாக என்னைக் களைக்க வைத்தன.

என் கணவர் கொழுந்து லொறி ஓட்டுகிறார். கண்டியைச் சுற்றி, ஹந்தானைப் பக்கமும் வத்தேகமவுக்கு மேலேயும் உள்ள சிறு தோட்டங்களில் பச்சைத் தேயிலைக் கொழுந்தை ஏற்றித் தொழிற்சாலையில் இறக்குவார். மாதத்தில் ஓரிரு தடவை தேயிலை மூட்டைகளோடு கொழும்புக்குப் போய் உர மூட்டைகளோடு திரும்புவார். லொறி எங்களுடையது. என் ஆசிரியச் சம்பளத்தில் அரிசியும் பிள்ளைக்குப் பால்மாவும் வரும். மற்றதெல்லாம் அந்த லொறிதான்.

டீசல் தட்டுப்பாட்டில், பம்பில் கியூஆர் காட்டி வாரக் கோட்டாவை மட்டும் வாங்கி, அது முடிந்ததும் வண்டியை நிறுத்திவைத்த காலம் அது. டீசல் மிச்சமாகும் என்று யார் என்ன சொன்னாலும் அவர் நின்று கேட்பார். கண்டி டவுனில் ஒரு பார்ட்ஸ் கடையில் கூம்பு வடிவத்தில் ஒரு பில்டரை வாங்கி வந்தார். பழைய பில்டர் கடதாசியால் ஆனது. இது மெல்லிய பஞ்சுத் துணி, மேலே கம்பி வலை. எஞ்சின் தாராளமாக மூச்சு விடுமாம், அதனால் டீசல் குறையுமாம். தூக்கி எறியத் தேவையில்லை, கழுவிக் கழுவிப் போடலாமாம். பெட்டிக்குள் சிவப்பு எண்ணெய் ஒரு சிறு போத்தலும் ஆங்கிலத்தில் ஒரு துண்டுத்தாளும் இருந்தன.

"டீச்சரம்மா, இத வாசிச்சுப் பாரு. நல்லதான்னு சொல்லு" என்றார்.

வாசித்தேன். நல்லது என்றேன். எந்த அடிப்படையில் சொன்னேன் என்று இன்றைக்கு யோசித்தாலும் விளங்கவில்லை. உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவள் என்பதால் சொல்ல உரிமை இருப்பதாக நினைத்திருக்கலாம். தாங்கி நிறைய டீசல் அடித்து, மறுபடி நிறைய அடிக்கும்வரை ஓடிய கிலோமீட்டரைப் பிரித்துப் பார்த்தேன். லீற்றருக்குக் கொஞ்சம் கூடத்தான் ஓடியிருந்தது. அந்த மாதம் அவர் டயர்களுக்கும் புதிதாகக் காற்றடித்திருந்தார். கோட்டாவுக்குப் பயந்து ஏற்றத்தில்கூட மெதுவாகக் கால் வைத்தார். அதையெல்லாம் நான் கணக்கில் எடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு வகுப்பில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்லிக் கொடுப்பவள் நான்.

சனிக்கிழமைகளில் அவர் பில்டரைக் கழற்றித் தருவார். வெளிக் குழாயடியில் துணி சவர்க்காரம் போட்டுக் கழுவுவேன். முதல் தண்ணீர் பாலில்லாத பிளேன்டீ நிறத்தில் இறங்கும். மூன்றாவது தண்ணீரில் தெளியும். பிள்ளையின் நெப்பிகளோடு கொடியில் மாட்டிக் காயவிடுவேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் மற்ற ட்ரைவர்கள் அவரைக் கிண்டல் பண்ணினார்களாம்.

"ஒங்க வீட்ல லொறிக்கும் சனி முழுக்காமே?"

"ஆமாங்க. எனக்குத்தான் இல்ல" என்று இவர் சொன்னாராம். வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார்.

காய்ந்த பிறகு எண்ணெய் பூச வேண்டும் என்று அந்தத் தாளில் இருந்தது. ஏன் என்று இல்லை. முதல் மூன்று தடவை பூசினேன். மூன்றாம் தடவை, தவழ்ந்து வந்த பிள்ளை பில்டரைப் பிடித்துக் கையை வாயில் வைத்துவிட்டான். வாயெல்லாம் சிவப்பு. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினேன். ஒன்றுமில்லை, தண்ணீர் கொடுங்கள் என்றார் டொக்டர். அன்றைக்கே போத்தலை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை எடுக்கப் போய் நின்றேன். ஒட்டும் பொருளில்தானே தூசி படியும், சுத்தமான துணியில் படியாதே என்று எனக்குள் ஒரு நியாயம் வந்தது. பிள்ளைக்கு அடிக்கடி மூச்சு இழுப்பு வருவதால் காற்றாடி இறக்கையைக்கூட வாரம் தவறாமல் துடைக்கும் வீடு எங்களுடையது. பூசாமலே கொடுத்தேன். பிறகு ஒருநாளும் பூசவில்லை.

அவர் கேட்கவில்லை. கை ஒட்டாமல் மாட்ட முடிகிறதே என்று சந்தோஷப்பட்டார்.

மெல்ல மெல்ல எஞ்சின் ஓயில் குறையத் தொடங்கியது. காலையில் ஓயில் அளக்கும் கோலை இழுத்துப் பார்த்து ஊற்றுவார். பழைய வண்டி, குடிக்கத்தான் செய்யும் என்பார். ஸ்டார்ட் பண்ணும்போது நீலப் புகை வரும். நான் ஜன்னலைச் சாத்துவேன். புகையைப் பற்றி எனக்கு ஒரு கேள்வி இருந்தது. கேட்டால் பதில் என் பக்கம் திரும்புமோ என்று அப்போதே எனக்குள் ஏதோ பயம் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏன் கேட்காமல் இருந்தேன்?

போன பள்ளி விடுமுறையில் நானும் பிள்ளையும் கொழும்பில் அக்கா வீட்டில் நின்றுவிட்டு, ஸ்கூல் தொடங்குவதற்கு முதல்நாள் அவரோடு லொறியிலேயே திரும்பினோம். பின்னால் உர மூட்டைகள். கண்டிக்கு முன்னால் வரும் கடுகண்ணாவை ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை. முதல் கியரில் ஊர்ந்தது. பின்னால் பஸ்கள் ஹோன் அடித்தன. கண்ணாடியில் பார்த்தால் ரோடே தெரியாத அளவுக்குப் புகை. மேலே ஏறியதும் அவருக்குத் தெரிந்த ஒரு கராஜில் நிறுத்தினார். அந்த முஸ்லிம் மெக்கானிக்கை அவர், அண்ணா என்பதுபோல, நானா என்று கூப்பிடுவார். பல வருடப் பழக்கம்.

நானா எஞ்சினை ஓடவிட்டு ஓயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். கேத்தல் கொதிப்பதுபோல் அதற்குள்ளிருந்து புகை குபுகுபுவென்று வந்தது. அணைக்கச் சொன்னார். பிறகு பில்டரைக் கழற்றி, அதற்கு அப்பால் எஞ்சினுக்குப் போகும் குழாய்க்குள் விரலை விட்டு எடுத்தார். விரல் நுனியில் மாவு போல மண்ணிறத் தூசி.

"இந்த எடத்துல தூசி ஈக்கவே கூடாது" என்றார். "பிஸ்டன் ரிங் தேஞ்சி போய் ஈக்கு. லைனரும் போயிருக்கும். எஞ்சின எறக்கித்தான் பாக்கணும்."

"எஞ்சின் செஞ்சு நாலு வருஷங்கூட ஆகலையே நானா."

"மண்ணு உள்ளுக்குப் போனா நாலு வருஷம் என்ன, சேண்ட் பேப்பரால தேய்ச்ச மாதிரித்தான். இதுக்கு ஓயில் பூசித்தான் போடணும். அந்த ஓயில்தான் தூசியப் புடிக்கிறது. பூசினீங்களா?"

"எல்லாம் வீட்லதான் பாக்குறாங்க" என்றார் என் கணவர். குரலில் பெருமை இருந்தது. "அவங்க டீச்சர். பாருங்களேன், எவ்வளவு வெள்ளையா இருக்கு."

நானா பில்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிள்ளை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் அவன் தொப்பியைச் சரிசெய்தேன். நானா பில்டரை மர வாங்குப் பலகையின் மேல் வைத்தார்.

"அப்ப கடைக்காரன் டூப்ளிகேட் சாமானத்தக் குடுத்திருக்கான்" என்றார் என் கணவர். "விட மாட்டேன். நாளைக்கே போய் நாலு பேருக்கு முன்னால கேக்குறேன்."

உரம் வேறொரு லொறிக்கு மாறியது. லொறியை நானாவிடம் விட்டுவிட்டு நாங்கள் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். பில்டர் அவர் மடியில் ஒரு ஷொப்பிங் பையில் இருந்தது. வழி முழுக்கக் கடைக்காரரிடம் என்ன கேட்பது என்று சொல்லிக்கொண்டே வந்தார். எதிர்த்துப் பேசினால் என்ன சொல்வது என்பதும் தயாராக இருந்தது. அந்தக் கடைக்காரரை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவருக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள், கடை வாசலில் ஒருவர் வந்து சத்தம் போட்டதைக் கேட்டு அவள் அன்றைக்குச் சாப்பிடாமல் இருப்பாள் என்றெல்லாம் நினைத்தேன். ஆனாலும் அன்று சொல்லவில்லை. களைத்துப் போயிருக்கிறார், சாப்பிடட்டும், தூங்கட்டும். உண்மையில் எனக்குத்தான் அந்தத் தவணை தேவைப்பட்டது.

மறுநாள் காலையில் சேர்ட்டை மாட்டிக்கொண்டு பையைக் கையில் எடுத்தார். நான் வாசலுக்குக் குறுக்கே நின்றேன்.

"கடைக்குப் போகாதீங்க."

"ஏன்?"

"நான் எண்ணெய் பூசல."

"எத்தன தடவ?"

"மூணு தடவக்குப் பொறகு பூசவே இல்ல."

அவர் பையைக் கதிரையில் வைத்தார். "அந்தத் தாள்ல இருந்துச்சா, பூசணும்னு?"

"இருந்துச்சு."

"நீ வாசிச்ச."

"வாசிச்சேன்."

திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். பிள்ளை வாயில் வைத்ததைச் சொல்லியிருப்பேன், இழுப்பைச் சொல்லியிருப்பேன். அவர் கதிரையின் கைப்பிடியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். "நல்ல வேள. ஒன்கிட்ட எஞ்சினக் குடுக்கல. அதையும் கழுவிக் கொடியில போட்டிருப்ப" என்றார். முகத்தில் சிரிப்பில்லை. நானும் சிரிக்கவில்லை. "ஒரு தடவையாவது எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல."

நான் கதிரையிலிருந்த பையை எடுத்து உள்ளே வைத்தேன்.

பிறகு நானாவுக்குப் போன் எடுத்தார். பிள்ளை மடியில் ஏறியதால் ஸ்பீக்கரில் போட்டார்.

"நானா, எஞ்சின எறக்குங்க. நான் கடைக்குப் போகல."

அந்தப் பக்கம் நானா யாரிடமோ சுத்தியல் அடிப்பதை நிறுத்தச் சொன்னார். பிறகு, "தங்கச்சி செல்லிட்டாவா?" என்று கேட்டார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். "சொல்லிட்டா."

"அவவ ஏசாதீங்க தம்பி. ஓயில் பூசியிருந்தாலும் இந்தத் தோட்ட ரோட்டுத் தூசிக்கு அந்தப் பில்டர் தாங்காது. கொஞ்சம் பிந்தித் தேஞ்சிருக்கும், அவ்வளவுதான். டீசல் மிச்சமானதும் பில்டரால இல்ல, நீங்க கால மெதுவா வெச்சதால."

அது உண்மையா, ஆறுதலா என்று எனக்குத் தெரியாது. உண்மையென்றால், அந்தப் பில்டரை நல்லது என்று சொன்ன குற்றமும் என்னுடையதுதான். ஆறுதலென்றால் எண்ணெயின் குற்றம் அப்படியே இருக்கிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அது என்னிடமே வந்து நிற்கிறது. கணவரிடம் கேட்டால், "விடு" என்கிறார். அந்த "விடு" மன்னிப்பா, அலுப்பா என்பதையும் நான் யோசித்துப் பார்க்கிறேன்.

அவர் மறுபடி செருப்பை மாட்டினார். வத்தேகமவில் ஒருவர் தன் கொழுந்து லொறிக்கு ட்ரைவர் தேடுவதாகக் கேள்விப்பட்டிருந்தார். எங்கள் வண்டி எழும்பும்வரை அதை ஓட்டலாமா என்று கேட்கப் போவதாகச் சொன்னார். சொந்த லொறி வாங்கிய பிறகு அவர் பிறருடைய லொறியில் ஏறியதில்லை. ஸ்கூலுக்குப் பிந்துது, நீயும் வெளிக்கிடு என்றார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவிடம் அவனைக் கொடுத்துவிட்டு இருவருமாகப் பாதைக்கு இறங்கினோம். அவருடைய பஸ் முதலில் வந்தது.