நாலு ஊரும் தலையாட்ட வேண்டும்

கல்லூரியில் அமெரிக்க அரசியலமைப்பை நடத்திப் பிழைக்கிறவன் நான். கேட்காதவர்களிடம் பேசிப் பழகிய தொண்டை. அந்தத் தொண்டையை நம்பித்தான் அண்ணி என்னை ஏரிப் பாசனச் சங்கக் கூட்டத்துக்கு இழுத்தார்.

நான் மூலக்குளத்தில் வீடு கட்டிக்கொண்டு, பஸ் ஹாரனுக்கு நடுவில் கவிதைக்கு வரி தேடுகிறவன். பாகூர்ப் பக்கத்து நிலத்தை, அண்ணன் போனபிறகு, அண்ணிதான் பார்க்கிறார். கடைமடை நிலம். மதகு திறந்தால் தண்ணீர் மூன்று ஊரைக் குளிப்பாட்டிவிட்டு, மனசிருந்தால் எங்களிடம் வரும். போர்வெல் தண்ணீர் உப்பாகிவிட்டது. நாற்றங்காலில் நாற்று நுனி கருக ஆரம்பித்திருந்தது. மதகைத் திறக்க வேண்டும், கடைமடைக்கும் ஒரு முறைத் தண்ணீர் விட வேண்டும். கேட்டது இவ்வளவுதான்.

ஆனால் சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. நாலு ஊரும் தலையாட்டினால்தான் எதுவும் நடக்கும். ஒரு ஊர் முகம் சுளித்தால் பேச்சு அதோடு முடிந்தது. டீ வரும், கலைந்துவிடுவார்கள். யார் மனசும் நோகக்கூடாதாம். மனசு நோகாமல் பயிர் காயலாம். அதில் ஒருவருக்கும் வருத்தமில்லை. இந்தமுறை முகம் சுளித்தது இரண்டாவது ஊர். ஏரியில் மீன் வளர்க்கிற குத்தகைக்காரர் அந்த ஊர்க்காரர். மீனைப் பிடித்து முடிக்கும்வரை மதகைத் தொடாதே என்றார்கள். மற்றவர்கள் உதட்டைப் பிதுக்கி டம்ளரைத் தேடினார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தேன். சண்டைபோட்டு ராஜாவை விரட்டிவிட்டு அமெரிக்காவின் பதின்மூன்று மாநிலங்கள் முதலில் செய்துகொண்ட ஏற்பாடும் இதேதான் என்றேன். விதியைத் திருத்தப் பதின்மூன்றும் ஒத்துக்கொள்ள வேண்டும். வெளிச்சரக்குக்கு வரி போட்டுக் கடனை அடைக்கலாம் என்றால், உள்ளதிலேயே சின்ன மாநிலம் மாட்டேன் என்றது. வரி நின்றது, சிப்பாய்ச் சம்பளம் நின்றது.

மதகை ஒட்டிய முதல் ஊர்த் தலைமடைக்காரர், எனக்கு மாமா முறை, பாதிக் கரும்பும் பாதி நெல்லுமாக வாழ்கிறவர், தொடையைத் தட்டினார். "இன்னா மாப்ள, ஏரியப் பத்திப் பேசச் சொன்னா ஏரோப்ளேன் ஏறிட்ட?"

சிரிப்பு. நான் விடவில்லை. பிறகு கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு வெயில்காலம் முழுக்கப் புழுங்கி, வேறு சட்டம் எழுதினார்கள். ஒன்பது மாநிலம் ஒத்துக்கொண்டால் அந்த ஒன்பதுக்குள் அது செல்லும் என்றார்கள். அந்தச் சின்ன மாநிலம் கூட்டத்துக்கு ஆளே அனுப்பவில்லை.

"அப்ப நமக்கு மூணு ஊர் போதும்ன்றியா?"

"போதும் மாமா."

"அத்த மாத்தவே நாலு ஊரு வேணுமேடா!"

"அவங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சு. பழைய விதியக் கேட்டுக்கிட்டு ஒக்காரல."

இரண்டாவது ஊர்க்காரர்கள் கோபித்துக்கொண்டு வெளியே போனார்கள். போனது போனதாக, மிச்ச மூன்று ஊரும் கை தூக்கின. இனி மூன்று ஊர் போதும். நாளைக் காலை மதகு திறப்பு. எனக்குள் ஒரு வாய்க்கால் பொங்கியது. இத்தனை வருஷப் பாடம் முதல்முறையாக மண்ணில் விழுந்து முளைக்கிறது என்று நினைத்தேன்.

அந்தப் பொங்கல் ஒரு டீ ஆறும் நேரம்கூட நிற்கவில்லை. வெளியே போனவர்கள் மறுபடி உள்ளே வந்தார்கள். மதகு எப்படியும் திறக்கப் போகிறது என்று தெரிந்ததும் மீனை மறந்து, தண்ணீரில் தங்கள் பங்கை நினைத்துவிட்டார்கள். மாமா காதில் ஏதோ சொன்னார்கள். மாமா தொண்டையைச் செருமினார். கடைமடைக்குத் தனி முறை எல்லாம் எதற்கு, மேலே ரொம்பினதும் தானாகக் கீழே வராதா என்றார். மேல் மூன்று ஊரும் கை தூக்கின. மூன்று ஊர். என் விதி.

அண்ணி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு உரைநடையும் போதாது, கவிதையும் போதாது.

"நல்லாக்குது தம்பி உன் அமெரிக்கா. நேத்து வரைக்கும் நான் வேணாம்னா நிக்கும். இப்ப கத்துனாக்கூட நிக்காது. இத்தப் படிக்கவா உங்கண்ணன் உன்ன காலேஜுக்கு அனுப்புனாரு?"

பதறிக்கொண்டு மிச்சப் பாடத்தையும் சொன்னேன். அங்கேயும் இந்தப் பயம் வந்தது. எத்தனை கை தூக்கினாலும் தொடக்கூடாதவை என்று சிலதைப் பிறகு எழுதிச் சேர்த்தார்கள். கடைமடை முறையையும் அப்படிச் சேர்க்கலாம் என்றேன். மாமா கொட்டாவி விட்டார். "நாங்க ஏன் ஒத்துக்கணும்?"

அண்ணி எழுந்தார்.

"மழ வந்தா உங்க கரும்புத் தண்ணி எங்க வடியுது மாமா? எங்க வடிகால்ல. அத்த மூட மூணு ஊரு கை வேணாம். ஒரு மம்பட்டி போதும்."

மாமாவின் கொட்டாவி பாதியில் நின்றது. தண்ணீர் வரும்போது பெரும்பான்மையாக இருந்தவர், வெள்ளம் வடியும்போது அண்ணியின் தயவில் இருப்பதைக் கண்டுகொண்டார். கடைமடை முறையையும் வடிகாலையும் எந்தக் கூட்டமும் தொடக்கூடாது என்று ஒத்துக்கொண்டார். எனக்கு அழுகையே வந்திருக்கும். அதற்குள் மற்றவர்கள் ருசி கண்டுவிட்டார்கள், எங்களுடையதையும் தொடக்கூடாததில் சேர் என்றார்கள். எங்கள் தேரோடுகிற பாதை. எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடுகிற கரை. எருமை குளிக்கிற துறை. மீன். ஏரிக்கரையில் சீட்டாடுகிற உரிமையைக்கூட ஒருவர் கேட்டார், முழு மரியாதையோடு. ஒவ்வொன்றையும் வெட்ட வெட்ட ஒரு மனசு நொந்தது. ஒவ்வொரு மனசுக்கும் ஒரு டீ வந்தது. அமெரிக்கர்களிடமும் கோரிக்கைகள் குவிந்தன, கழித்துத்தான் எடுத்தார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

இப்படி ஒரு வாரம் கூடிக் கூடிப் பேசி, கடைசி நாள் பொழுது சாயும்போது கடைமடை முறையும் வடிகாலும் மட்டும் தேறின.

ஆனால் அந்த இழுபறியில் மதகு திறப்பது தள்ளிப்போய்விட்டது. எங்கள் முறை வந்தபோது வாய்க்காலில் கலங்கலாக, நுரை தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. நாற்றங்காலில் பாதி அதற்குள் வைக்கோல் நிறமாகிவிட்டது. மீதிப் பாதி தண்ணீர் குடித்து நிமிர்ந்தது. அண்ணி கணுக்கால் சேற்றில் நின்று, பிழைத்த நாற்றைப் பிடுங்கி நாற்று முடிகளாகக் கட்டினார். அந்த நாற்று எட்டிய அளவுக்கு மட்டும் நட்டார். மற்றக் கழனி அந்தப் போகம் சும்மா கிடந்தது.