பெட்டியைத் தூக்கும்போது போடச் சொன்ன பாட்டு

எனக்கு அந்தப் பாட்டு பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீளமான ஆங்கிலப் பாட்டு. பாதி தூரம் கிட்டார் தனியாக இழுத்துக்கொண்டே போகும், அப்புறம்தான் டிரம் வந்து விழும். பாடியவர்கள் முடி வளர்த்த வெள்ளைக்காரர்கள், பாதிப் பேர் செத்தும் போனார்கள். ஆனால் ஈப்போவில் எந்தக் கல்யாண விருந்துக்குப் போனாலும், சாப்பாடு முடிந்து ஆண்கள் விஸ்கிக் கிளாஸோடு நாற்காலியைத் திருப்பிப் போட்டதும் யாராவது அதைத்தான் கேட்பார்கள். சீனன், மலாய்க்காரன், நம்மாள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடுவார்கள்.

அதில் முதல் ஆள் என் அண்ணன். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பாலுக்கு மரம் வெட்டிக்கொண்டிருந்த வயதில், சீனன் கடை வானொலியில் கேட்டுப் பிடித்துக்கொண்டது. பிறகு தோட்டத்தை விற்றார்கள், எங்களை வெளியே அனுப்பினார்கள். அதைப் பற்றி எழுதினால் கெட்ட வார்த்தைதான் வரும், விடுகிறேன். அண்ணன் கேமரன் மலையிலிருந்து காய்கறி லோரி ஓட்டினார். சிம்பாங் பூலாய் வரை இறக்கம் முழுக்க அதே பாட்டு. கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் கைப்பேசி வந்தது. பாட்டு மட்டும் மாறவில்லை.

"அந்தக் கருமத்த நிறுத்துங்க, தல வலிக்குது" என்று அண்ணி சமையலறையிலிருந்து கத்துவார். அண்ணன் சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பார். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பேசியபோது அண்ணன் சொன்னார்: "என்னத் தூக்கறப்போ அந்தப் பாட்டப் போடுடா. ஒப்பாரி வேணாம். ஒங்கண்ணி அதக் கேட்டுக்கிட்டே என்ன அனுப்பி வெக்கணும்லா."

"வாய மூடிட்டுக் கஞ்சியக் குடிண்ணே" என்றேன்.

கஞ்சியைக் குடித்தார். இரண்டு நாளில் போய்விட்டார்.

எங்கள் பழக்கத்தில் பெண்கள் சுடலைக்கு வர மாட்டார்கள். வாசல் கேட்டோடு நின்றுவிட வேண்டும். அதனால் பாட்டு கேட்டுக்குள்ளேயே ஓடியாக வேண்டும். அண்ணி கேட்கவில்லையென்றால் அண்ணன் சொன்னதற்கு அர்த்தமே இல்லை. நான் ஒரு சின்ன ஸ்பீக்கரைக் கைப்பேசியோடு இணைத்து, கூடாரக் கம்பியில் கட்டி வைத்தேன்.

அண்ணியின் தம்பி அதைப் பார்த்துவிட்டான். சாவு வீட்டில் அதிகாரம் பண்ணவென்றே பிறந்தவன்.

"சாவு வீட்ல வெள்ளைக்காரன் பாட்டா மச்சான்? ஊரு சிரிக்கும்."

"ஊரு அப்பவே சிரிச்சிருச்சு, ஒன் சட்டையப் பாத்து" என்றேன். அவன் பூப்போட்ட சட்டையில் வந்திருந்தான்.

சடங்கு முடிந்தது. உறுமி மேளக்காரர்கள் அடித்துத் தள்ளினார்கள். பெட்டியைத் தூக்கினார்கள். நான் மேளத்தை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டுக் கைப்பேசியைத் தட்டினேன். எல்லாரும் ஸ்பீக்கர் பக்கம் திரும்பினார்கள்.

ஸ்பீக்கரில் ஒரு பெண் மலாயில் உற்சாகமாகச் சலவைத்தூள் விற்றாள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்.

காசு கட்டாமல் பாட்டுக் கேட்கிறவன் நான். விளம்பரம் வரும் என்று மூளைக்கு எட்டவில்லை. அது முடிந்து அடுத்தது ஆரம்பித்தது, பொரித்த கோழி.

"இதத்தான் மாமா கேட்டாரா மச்சான்?" என்றான் பூச்சட்டை.

அவமானத்தில் ஸ்பீக்கரை அணைத்துவிட்டேன். திரும்பப் போட விரல் வரவில்லை. பெட்டி கேட்டை நெருங்கிவிட்டது. வெளியே வண்டிக்காரன் மணி பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணனின் ஒரே ஆசையைக் கோழிக் கடைக்குக் கொடுத்துவிட்டேன் என்று நின்றேன்.

அப்போது அண்ணி பாட ஆரம்பித்தார்.

கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அழுது கட்டிப்போன தொண்டையில், அந்தப் பாட்டை முதல் வரியிலிருந்து பாடினார். பெட்டியைத் தூக்கியவர்கள் நின்றார்கள். யாரும் நிற்கச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் வேலிக்கு அந்தப் பக்கம் தொப்பியைக் கழற்றிவிட்டு, அடுத்த வரியிலிருந்து கூடச் சேர்ந்தார். டிரம் விழ வேண்டிய இடம் வந்தது. உறுமிக்காரர்களின் தலைவன் அதற்கென்றே காத்திருந்தவன் மாதிரி குச்சியை உறுமித் தோலில் மெல்ல இழுத்தான். அந்தப் பயலுக்கு முப்பது வயது கூட இருக்காது. அவனுக்கும் அந்தப் பாட்டு தெரிந்திருந்தது. எனக்குப் பிடிக்காத அந்தப் பாட்டில் எங்கே என்ன வரும் என்று எனக்கும் தெரிந்திருந்தது. வாய் தானாகப் பாடியது.

பூச்சட்டை முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைத் துடைத்தான்.

பாட்டு முடியும் வரை பெட்டி கேட்டைத் தாண்டவில்லை.

"அண்ணி, முழுசும் எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"ஒங்கண்ணனுக்கு ரெண்டாவது பாதி வராது தம்பி. தப்புத் தப்பாப் பாடுவாரு. ராத்திரி பக்கத்துல படுத்துக்கிட்டு நாந்தான் எடுத்துக் குடுப்பேன்." முந்தானையால் பெட்டியின் ஓரத்தை ஒருமுறை துடைத்தார். "போங்க, வண்டிக்காரன் மொறைக்கிறான்."