இன்னும் ஒரு வாளி

"இந்த ஊர்ப் பொம்பளைங்க மேலேருந்து நான் உரிச்ச அழுக்கை ஒரே இடத்தில குவிச்சு வச்சிருந்தா, அது மேல ஏறி நின்னு கடலைப் பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டே லல்லா பத்தூலின் வலது கையைத் தோளிலிருந்து மணிக்கட்டுவரை ஒரே இழுப்பாகத் தேய்க்கிறாள் யம்னா. மலையடி ஊரான ஸெஃப்ரூவிலிருந்து கடலுக்குப் போவதென்றால் மலைக்குமேல் மலை தாண்ட வேண்டும். நீராவிக்குள்ளிருந்து யாரோ சிரிக்கவும், "சரி, கடல் வேணாம். செர்ரித் தோட்டமாவது தெரியும்" என்று தானே இறங்கி வருகிறாள்.

யம்னாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. இடுப்பில் கோடு போட்ட துணி, வலக்கையில் சொரசொரப்பான உறை, முரண்டும் ஆட்டைத் தூக்கி நிறுத்தும் புஜம். பெண்களுக்கென்றே இருக்கும் இந்தக் குளியல்கூடத்தில் முப்பத்தொரு வருடமாகத் தேய்க்கிறாள். உள்ளே ஆள் இருக்கிறது என்பதற்கு வாசலில் ஒரு சிவப்புத் துண்டு தொங்கும். அது தொங்கும்வரை கவர்னரே வந்தாலும் தெருவில்தான் நிற்க வேண்டும்.

ஒரு காலத்தில் அவளிடம் முதுகைக் கொடுக்க எல்லோருக்கும் பயம். கறுப்புச் சோப்பைப் பூசினால் அது ஊறும்வரை காத்திருக்க வேண்டும் இல்லையா? யம்னாவிடம் அந்தப் பேச்சே கிடையாது. அழுக்கு உரிவதற்கு முன்னால் ஆள் உரிந்துவிடுவாள். நாக்கு கையைவிட வேகம். மகனுக்குப் பெண் தேடி வந்த ஓர் அம்மாள், குளித்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தியைக் கண்ணால் அளந்துவிட்டு, "இடுப்பு குறுகலா இருக்கே, பிள்ளை தாங்குமா?" என்று யம்னாவின் காதோரம் கேட்டாள். யம்னா ஒரு வாளி பச்சைத் தண்ணீரை அவள் தலையில் கவிழ்த்தாள். "உன் மகன் தொப்பையை அவன் காலு தாங்குதான்னு பாரு மொதல்ல!" சம்பந்தம் நின்றுபோனது. யாருக்காகக் கத்தினாளோ அந்தப் பெண்தான் உட்கார்ந்து அழுதாள். அவளுக்கு அந்தத் தொப்பைக்காரனைப் பிடித்திருந்ததாம்.

அந்த அழுகைதான் யம்னாவை ஸூஃபிகள் கூடும் தைக்காவுக்குத் துரத்தியது. வியாழக்கிழமைகளில் அங்கே பெண்களுக்கு இறைநாமம் ஓதும் திக்ரு நடத்துகிறவள் லல்லா பத்தூல். வயது முப்பத்துநாலு, மற்ற நாட்களில் அங்கிகளுக்குப் பட்டுநூல் பொத்தான் முடைகிறவள். "எனக்கு மருமக வயசு. இவ எனக்குப் பொறுமை சொல்லித் தரப்போறாளாக்கும்!" என்று முகத்துக்கு நேரே சொன்னாள் யம்னா.

லல்லா பொத்தானிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கோவம் வந்தா, பதில் சொல்றதுக்கு முந்தி ஒரு வாளி சுடுதண்ணி மொண்டுட்டு வாங்க, சித்தி."

"மொண்டுட்டு வந்தும் கோவம் இருந்தா?"

"இன்னும் ஒரு வாளி."

முதல் மாதம் அவள் மொண்ட தண்ணீரைக் கண்டு மிரண்ட, பின்கட்டில் தண்ணீர் காய்ச்சும் அடுப்புக்காரன், "உள்ள குளிக்கிறது பொம்பளைங்களா, ஒட்டகமா?" என்று பின்சுவரைத் தட்டிக் கேட்டான். அதற்குப் பதில் சொல்வதற்கும் ஒரு வாளி ஆயிற்று.

போன வருடம் செர்ரி பழுத்த சமயம், கூடத்துக்காரியின் மகன் தூஹாமி கொத்தனார்களோடு வாசலில் வந்து நின்றான். இடத்தை வெளிநாட்டார் தங்கும் விடுதியாக்கப் போகிறான். சுற்றியிருக்கும் வீடுகளில் குளியலறை கிடையாது. அந்தப் பெண்கள் எங்கே போவார்கள் என்பது அவன் கவலை இல்லை. கூடம் அவன் அம்மா ஹாஜாவின் பேரில் இருந்தது. தாஞ்சியரில் மகள் வீட்டுக்குப் போயிருந்த ஹாஜா அன்று அந்திக்குத் திரும்புகிறாள். அவள் வருவதற்குள் தண்ணீர் கொதிக்கும் செப்புக் கொப்பரையைப் பேர்த்துவிட்டால் அப்புறம் அவள் அழலாம், அவ்வளவுதான்.

"எல்லாரையும் வெளியே அனுப்பு!" என்று கத்தினான்.

பழைய யம்னாவாக இருந்தால் வாளி அவன் மண்டையில் இறங்கியிருக்கும். அவள் உள்ளே போய் ஒரு வாளி மொண்டு, கடைசி ஆளாகக் குளித்துக்கொண்டிருந்த லல்லா பத்தூலின் காலடியில் வைத்தாள். கோபம் போகவில்லை. இன்னொன்று மொண்டாள். மூன்றாவது வாளியில்தான் பொறி தட்டியது: உள்ளே ஒரே ஒருத்தி குளித்துக்கொண்டிருந்தாலும் துண்டு இறங்காது!

லல்லாவுக்குச் சோப்பைப் பூசிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, அது ஊறட்டும் என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னுமா முடியல?" என்றது துண்டுக்கு அந்தப்பக்கம்.

"சோப்பு ஊறுது, முதலாளி."

அரைமணி கழித்து, "இப்ப?"

"முழங்கைக்கு வந்திருக்கேன்."

"நான் உள்ள வந்துடுவேன்!"

"வாயேன். நாலு வயசுவரைக்கும் உங்கம்மா இடுப்பில உட்கார்ந்து வந்தவன்தானே? ஒருநாள் முழிச்சு முழிச்சுப் பார்த்தே. காதைப் பிடிச்சுத் தெருவில விட்டவ நான்தான். அந்தக் காது இன்னும் இருக்கா?"

கொத்தனார்கள் சிரித்த சிரிப்பில் அந்தக் காது சிவந்துவிட்டது. அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்கும் நேரத்தில் பேருந்தை விட்டு இறங்கிய ஹாஜா, பயணக் களைப்புத் தீரக் குளிக்கலாம் என்று மூட்டையோடு நேரே இங்கேதான் வந்தாள். உளிகளைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். "பொம்பளைங்க குளிக்கிற வாசல்ல உனக்கென்னடா வேலை? போ வீட்டுக்கு!" என்று துண்டை விலக்கி உள்ளே போனாள். கொப்பரை இன்றும் கொதிக்கிறது.

"நாப்பது வாளி!" என்று இப்போது கதையை முடிக்கிறாள் யம்னா. புதுசாக வந்த பெண்கள் வாயைப் பிளக்கிறார்கள். "லல்லா சொல்லிக் கொடுத்த பொறுமை. அன்னைக்கு என்னை மாதிரி பொறுமையா இருந்தவ இந்த ஊர்லேயே கிடையாது."

"பதினொண்ணு" என்கிறாள், கல்மேல் கண்மூடிக் கிடக்கும் லல்லா பத்தூல். "வீட்டில ரொட்டி மாவு பொங்கி வழிஞ்சிட்டிருந்துச்சு. நாலு தடவை எழுந்தேன். நாலு தடவையும் தோளைப் பிடிச்சு அமுக்கி உட்கார வச்சீங்க. அன்னைக்குப் பொறுமையா இருந்தது நான், சித்தி." சொல்லிவிட்டு, இன்னும் தேய்க்காத இடது கையை நீட்டுகிறாள்.